முதியோர் பராமரிப்பு இல்லம்: சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை, சேர்த்த பின் பார்க்க வேண்டியவை

அரசாங்க மருத்துவமனை வார்டில் இரண்டு வாரம் படுத்திருந்த தாயாரை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. மூக்குக் குழாய் வழியாகப் பால் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். மகன் லாரி ஓட்டுகிறார். மருமகளுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகள் ஜொகூரில் இருக்கிறார். வீடு நான்காவது மாடியில், லிஃப்ட் கிடையாது. இரண்டு மூன்று நாளில் முடிவெடுத்தாக வேண்டும். யாரோ ஒருவர் தொலைபேசி எண் ஒன்றைக் கொடுத்து, “நல்ல இடம்தான், நம்ம ஆளு ஒருத்தரோட அம்மாவும் அங்கதான் இருக்காங்க” என்கிறார்.

பல குடும்பங்கள் பராமரிப்பு இல்லத்தைத் தேடுவது இப்படித்தான். அவசரத்தில், ஒரு வாய்ச்சொல்லை நம்பி, குற்ற உணர்ச்சியோடு தேடுகிறார்கள். அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் பல கேட்கப்படாமலே போகின்றன. மலேசியாவில் முதியோர் பராமரிப்பு இல்லங்கள் எப்படி இயங்குகின்றன, சட்டம் என்ன சொல்கிறது, உள்ளே இருப்பவருக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது, குறை கண்டால் எங்கே போவது என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு

நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர் மூத்த குடிமகன். 2030 வாக்கில் மக்கள்தொகையில் சுமார் 15 விழுக்காட்டினர் அந்த வயதைத் தாண்டியிருப்பர் என்று கணிக்கப்பட்டுள்ளது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. இருக்கும் பிள்ளைகளும் வேலை தேடி வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள்.

இந்தியர்களுக்கு இதில் தனிக்கதை ஒன்று உண்டு. தோட்டத்தில் இருந்தவரை குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. வயதானவர்களுக்கு லயமே காவலாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார், கோயில் திடலில் பேச ஆள் இருக்கும், விழுந்தால் நாலு பேர் ஓடிவருவார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், வேலை ஓய்வோடு தோட்ட வீட்டைக் காலி செய்ய நேர்ந்தபோதும் அந்தக் காவல் போய்விட்டது. குடும்பம் மலிவு விலை அடுக்குமாடிக்கு மாறியது. காலை ஆறு மணிக்கு எல்லாரும் வேலைக்குப் போனபின் மூன்று அறை வீட்டுக்குள் முதியவர் தனியாக இருக்கிறார்.

நோயும் சேர்ந்துகொள்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 வயதைத் தாண்டிய மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் 31.4 விழுக்காடு. பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, கால் அகற்றுதல் ஆகியவற்றின் பின்னணியில் பெரும்பாலும் இந்த நோய் இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு ஆய்வில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய்க்கான அறிகுறி காணப்பட்டது. இத்தகையவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் மட்டும் போதாது. பயிற்சி பெற்ற கை வேண்டும்.

இரண்டு வகை இல்லம், இரண்டு சட்டம்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா இல்லமும் ஒன்றுபோல் தெரியும். தாமானில் ஒரு மூலை வீடு, வாசலில் ஒரு பலகை. சட்டத்தின் கண்ணில் அவை வேறு வேறு.

முதல் வகை, சமூக நலத்துறையில் பதிவு பெற்ற பராமரிப்பு நிலையம். 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையங்கள் சட்டம், அதாவது 506-வது சட்டம், இதற்குப் பொருந்தும். நான்கு பேருக்கும் மேற்பட்டோ, நான்கு பேரையோ தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் பதிவு செய்யப்பட வேண்டும். கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இது பொருந்தும். தரும காரியமாக நடத்துகிறோம் என்பது பதிவிலிருந்து விலக்கு தராது.

இரண்டாவது வகை, சுகாதார அமைச்சின் லைசென்ஸ் பெற்ற தனியார் தாதிமை இல்லம். இது 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் வருகிறது. 586-வது சட்டம் என்று சொல்வார்கள். தனியார் மருத்துவமனைகளுக்கும் இதே சட்டம்தான். மருத்துவக் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளுக்காக இருக்கும் இடம் என்பதால் பதிவு பெற்ற தாதியர் இங்கு பணியில் இருக்க வேண்டும். குறைகளைக் கேட்டு விசாரிக்கும் முறை ஒன்றும் இங்கு இருந்தாக வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், படுக்கையிலேயே கிடப்பவர், குழாயில் பால் குடிப்பவர், புண்ணுக்குக் கட்டுப் போட வேண்டியவர் ஆகியோர் முதல் வகை இல்லங்களிலும் நிறையச் சேர்க்கப்படுகிறார்கள். அங்கே கட்டணம் குறைவு, இடமும் கிடைக்கிறது. ஆனால் அங்கே தாதி இருப்பார் என்ற உறுதி இல்லை. இந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான் 2018-ஆம் ஆண்டின் தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம், அதாவது 802-வது சட்டம், கொண்டுவரப்பட்டது. முதியோர் இல்லங்களைச் சுகாதார அமைச்சின் ஒரே கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவருவது அதன் நோக்கம். நாடாளுமன்றத்தில் நிறைவேறிப் பல ஆண்டுகள் கடந்தும் அதன் அமலாக்கம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஆகவே, இல்லத்தின் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, எந்தச் சட்டத்தின் கீழ் எந்தச் சான்றிதழ் இருக்கிறது என்பதைப் பார்ப்பதே சரி.

பதிவில்லாத இல்லங்களும் உண்டு. அவற்றை நடத்துபவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. மனமிரங்கி ஒருவரைச் சேர்த்து, அது பத்துப் பேராக ஆனவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். ஆனால் பதிவு இல்லையென்றால் தீயணைப்புத் துறை அந்த வீட்டைப் பரிசோதித்திருக்காது. சுகாதாரத் துறை சமையலறையைப் பார்த்திருக்காது. ஊராட்சி மன்றத்தின் அனுமதி இருக்காது. உள்ளே ஏதாவது நடந்தால் அது வெளியே தெரிய வழியும் இருக்காது.

முதலில் சான்றிதழ்

இல்லத்துக்குப் போனதும் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. முறையாக நடத்துபவர் அதைச் சுவரிலேயே மாட்டி வைத்திருப்பார். மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: சான்றிதழில் இருக்கும் முகவரி அந்த வீட்டின் முகவரிதானா, காலாவதித் தேதி கடந்துவிட்டதா, எத்தனை பேருக்கு அனுமதி. ஒரே நிர்வாகம் மூன்று வீடுகளை நடத்தி, ஒன்றுக்கு மட்டும் பதிவு வைத்திருக்கலாம். “விண்ணப்பம் போட்டாச்சு, வந்துகொண்டிருக்கிறது” என்ற பதில் வந்தால், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். தாதிமை இல்லம் என்றால் மாநிலச் சுகாதாரத் துறையில் கேட்கலாம்.

யார் கையில் ஒப்படைக்கிறோம்

இல்லத்தின் தரத்தைத் தீர்மானிப்பது கட்டடத்தைவிட அங்கே வேலை செய்யும் ஆட்கள்தாம். பகலில் எத்தனை பேர், இரவில் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பகலில் பார்வையாளர் வரும் நேரத்தில் நான்கு பேர் இருப்பார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு இருபது முதியவர்களுக்கு ஒரே ஒருவர் இருந்தால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது நடக்காத காரியம்.

பராமரிப்பாளர்கள் பலர் வெளிநாட்டவர்கள். அது குறையல்ல. அவர்களில் பொறுமையும் அனுபவமும் உள்ளவர்கள் நிறையப் பேர். கேட்க வேண்டியது வேறு: அவர்களுக்கு யார் பயிற்சி தந்தார்கள், முதியவர் சொல்வது அவர்களுக்குப் புரியுமா, ஆட்கள் எவ்வளவு காலமாக அங்கே வேலை செய்கிறார்கள். மாதத்துக்கு மாதம் ஆள் மாறும் இடத்தில், எந்தப் பாட்டிக்கு எந்தப் பக்கம் வலிக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

“எங்களிடம் நர்ஸ் இருக்கிறார்” என்றால், அவர் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு பெற்றவரா, நடப்பு ஆண்டுக்கான பணிச் சான்றிதழ் அவரிடம் இருக்கிறதா என்று கேட்கலாம். சீருடை போட்டவரெல்லாம் தாதியல்ல. மூக்குக் குழாய் கழன்றுவிட்டால் யார் திரும்பப் போடுவார், சிறுநீர்க் குழாயை யார் மாற்றுவார் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வேண்டும். குழாய் இரைப்பைக்குள் போகாமல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பழக்கத்தால் மட்டும் கற்றுக்கொண்டவர் செய்யக்கூடிய வேலை அல்ல அது.

நேரில் பார்க்கும்போது

சொல்லிவிட்டுப் போவது ஒரு முறை, சொல்லாமல் போவது ஒரு முறை என இரண்டு தடவையாவது பார்ப்பது நல்லது. இரண்டாவது முறை சாப்பாட்டு நேரமாக இருக்கட்டும். நுழைந்தவுடன் மூத்திர நாற்றம் நிரந்தரமாக இருந்தால் பெம்பர்ஸ் நேரத்துக்கு மாற்றப்படுவதில்லை என்று பொருள். ஒரு சமயம் நாற்றம் இருப்பது இயல்பு. எப்போது போனாலும் இருப்பது இயல்பல்ல.

அதன்பின் கண்ணால் பார்க்க வேண்டியவை: கட்டிலுக்குக் கட்டில் நடக்க இடமிருக்கிறதா, கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா, கூப்பிட மணி இருக்கிறதா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, தரை ஈரமாக இருக்கிறதா. முதியவர்களின் நகம் வெட்டப்பட்டிருக்கிறதா, வாய் சுத்தமாக இருக்கிறதா, அவரவர் உடுப்பை அவரவர் போட்டிருக்கிறார்களா. பகல் பதினொரு மணிக்கு எல்லாரும் கட்டிலிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தால் அது அமைதியான இடம் என்று எண்ணிவிடக் கூடாது. ஏன் எழுப்பவில்லை என்று கேட்க வேண்டும்.

படுக்கைப் புண்

பராமரிப்பில் குறை இருப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது படுக்கைப் புண். “வயசானா வரும்” என்று சொல்லப்படுவது சரியல்ல. எலும்பு துருத்தும் இடங்களில் தொடர்ந்து அழுத்தம் விழும்போது அங்கே இரத்த ஓட்டம் நின்று தோல் இறந்துபோகிறது. வால் எலும்பு, இடுப்பு, குதிகால், முழங்கை, தலையின் பின்புறம் ஆகியவை முதலில் பாதிக்கப்படும்.

முதல் நிலையில் தோல் சிவக்கும் அல்லது கறுக்கும். விரலால் அழுத்தி எடுத்தாலும் நிறம் மாறாது. நம்மவர்களின் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கருநீலமாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாம் நிலையில் தோல் உரியும். மூன்றாம் நிலையில் குழி விழும். நான்காம் நிலையில் தசையும் எலும்பும் தெரியும். அந்தக் கட்டத்தில் கிருமி இரத்தத்தில் கலந்து உயிரைப் பறிக்கலாம்.

திருப்பிப் படுக்க வைத்தல், காற்று மெத்தை, உலர்ந்த தோல், போதிய புரதம் ஆகிய நான்கும்தான் தடுப்பு. காற்று மெத்தை போட்டுவிட்டால் திருப்பத் தேவையில்லை என்பது தவறான எண்ணம். திருப்பிய நேரத்தைக் குறித்து வைக்கும் தாள் ஒன்று கட்டிலருகே இருக்கிறதா என்று பார்க்கலாம். பார்வைக்குப் போகும் உறவினர் போர்வையை விலக்கி முதுகையும் குதிகாலையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சேர்க்கும் நாளிலேயே உடம்பில் இருக்கும் புண்களையும் காயங்களையும் இரு தரப்பும் எழுதி வைத்துக்கொண்டால், பின்னர் “வரும்போதே இருந்தது” என்ற வாக்குவாதம் எழாது.

விழுதல், கட்டிப்போடுதல்

இரவில் கழிவறைக்குப் போகும்போது முதியவர் விழக்கூடும். இடுப்பெலும்பு முறிந்தபின் பழையபடி நடக்க முடியாமல் போகிறவர்கள் பலர். உயரம் குறைந்த கட்டில், இரவு விளக்கு, வழுக்காத செருப்பு, படுக்கும் முன் ஒருமுறை கழிவறைக்கு அழைத்துப்போதல் ஆகிய எளிய ஏற்பாடுகள் பல விபத்துகளைத் தடுக்கும்.

ஆட்கள் குறைவாக இருக்கும் இடங்களில் இதற்கு ஒரு குறுக்கு வழி கையாளப்படுகிறது. விழாமல் இருக்கக் கட்டிலோடும் சக்கர நாற்காலியோடும் துணியால் கட்டிவிடுகிறார்கள். கட்டப்பட்டவர் விடுபட முயன்று கழுத்து நெரிபடலாம், மணிக்கட்டில் புண் வரலாம், தசை சுருங்கிப் பின்னர் நடக்கவே முடியாமல் போகலாம். மூக்குக் குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையுறை மாட்டுவதும் கட்டிப்போடுதலில் ஒரு வகைதான். ஏன் செய்கிறார்கள், எவ்வளவு நேரம், டாக்டர் சொன்னாரா, எப்போது அவிழ்க்கிறார்கள் என்று குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்தால் கட்டிப்போடுவதும் உண்டு. இரவில் சத்தம் போடுகிறார் என்று தூக்க மருந்து கொடுப்பது அப்படிப்பட்டது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென எப்போதும் மயக்கமாகவே இருந்தால், என்ன மருந்து சேர்க்கப்பட்டது, எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்று கேட்க வேண்டும். தூக்க மருந்து விழும் ஆபத்தைக் கூட்டும். விழுங்கும் திறனையும் குறைக்கும்.

இனிப்புநீர் உள்ளவர்கள்

இன்சுலின் ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானாலோ, முதியவர் இரண்டு வாய் மட்டும் சாப்பிட்டு நிறுத்திவிட்டாலோ சர்க்கரை அளவு அபாயகரமாகக் குறையும். 4-க்குக் கீழே போனால் அது அவசரம். வியர்வை, நடுக்கம், குழப்பம் ஆகியவை அறிகுறிகள். ஆனால் மறதிநோய் உள்ளவர் சொல்ல மாட்டார். தூங்குவதுபோல் கிடப்பார். நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 999-ஐ அழைக்க வேண்டும். பராமரிப்பாளருக்கு இது தெரியுமா என்று நேரடியாகவே கேட்கலாம்.

சர்க்கரை பார்க்கும் ஊசியை ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது. இரத்தம் வழியாக மஞ்சள்காமாலைக் கிருமி பரவும். கால் விரல்களுக்கு இடையில் தினமும் பார்க்க வேண்டும். உணர்ச்சி மரத்துப்போன காலில் சிறு கீறல்கூட அழுகலாக மாறி, காலையே அகற்றுவதில் முடியும்.

சாப்பாடும் மருந்தும்

பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவது கடினம். படுத்தபடியே ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்ட வேண்டும். குழாயில் பால் கொடுத்தாலும் தலைப்பக்கத்தை உயர்த்தி, அதன்பின் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். பெம்பர்ஸ் மாற்றும் வேலையைக் குறைக்கத் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பது ஆபத்தான வழக்கம். நாக்கு வறட்சி, அடர்நிறச் சிறுநீர், திடீர்க் குழப்பம் ஆகியவை நீர் வற்றியதற்கான அடையாளங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைத்தால், சரியாகச் சாப்பிடுகிறாரா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

மருந்துகள் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதித் தனியாக வைக்கப்பட வேண்டும். கொடுத்தவர் நேரம் குறித்துக் கையெழுத்திட வேண்டும். அரசாங்க கிளினிக்கின் அடுத்த தவணை எப்போது, யார் அழைத்துப் போவார் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். தவணை தவறினால் மருந்து தீர்ந்துவிடும். மருந்து தீர்ந்ததைப் பல வாரம் கழித்துத்தான் குடும்பம் அறியும்.

தீயும் பூட்டிய கதவும்

2017 செப்டம்பர் 14-ஆம் தேதி விடியற்காலையில் கோலாலம்பூர், டத்தோ கெராமட் சாலையில் இருந்த சமயப் பள்ளி ஒன்றில் தீப்பிடித்து 23 பேர் மாண்டனர். ஜன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன. பிள்ளைகளால் வெளியே வர முடியவில்லை. முதியோர் இல்லங்களில் உள்ளவர்களோ கதவு திறந்திருந்தாலும் தாங்களே எழுந்து ஓட முடியாதவர்கள். மாடியில் படுக்கையாளிகளை வைத்திருக்கிறார்களா, பின்கதவு பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம், தீயணைப்புக் கருவி எங்கே, இரவில் இருக்கும் ஒருவர் எல்லாரையும் எப்படி வெளியேற்றுவார் என்று கேட்க வேண்டும். தாமான் வீட்டை இல்லமாக மாற்றும்போது திருட்டுக்குப் பயந்து போடும் கம்பிகளே ஆபத்தாகிவிடக்கூடும்.

மொழி, சாப்பாடு, சாமி

தமிழ் மட்டுமே தெரிந்த தோட்டத்துப் பாட்டிக்கு, மலாயும் மெண்டரினும் பேசுபவர்கள் நடுவில் “தண்ணி வேணும்”, “வயிறு வலிக்குது” என்று சொல்ல ஆளில்லை என்றால் அது பாதுகாப்புப் பிரச்சினைதான். வலியைச் சொல்ல முடியாதவர் முரண்டு பிடிப்பார். முரண்டு பிடிப்பவருக்கு மருந்து கொடுக்கப்படும். தமிழ் பேசும் பராமரிப்பாளர் இல்லாத இடமென்றால், இருபது சொற்களைத் தமிழிலும் மலாயிலும் படத்தோடு எழுதிக் கட்டிலருகே ஒட்டிவைக்கலாம்.

மாட்டிறைச்சி உண்ணாதவர், வெள்ளிக்கிழமை சைவம் இருப்பவர் என்பதை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். தினமும் கஞ்சியும் வெந்த காய்கறியும் பழக்கமில்லாதவர் சாப்பாட்டை ஒதுக்குவார். எடை குறையும். சிறிது ரசம், ஊறுகாய், நெற்றியில் திருநீறு, காலையில் பக்திப் பாடல் போன்றவற்றுக்குச் செலவில்லை. பெண்களைக் குளிப்பாட்டுவது பெண்தானா என்பதையும் கேட்க வேண்டும். இறப்பு நேர்ந்தால் முதலில் யாருக்குத் தகவல், சடங்கு எப்படி என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

பணமும் ஒப்பந்தமும்

இடத்தையும் நோயாளியின் நிலையையும் பொறுத்துக் கட்டணம் பெரிதும் மாறுபடும். சொல்லும் மாதக் கட்டணத்தில் பெம்பர்ஸ், பால் மாவு, புண் கட்டும் செலவு, மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் செலவு ஆகியவை அடங்குமா என்று எழுத்தில் வாங்க வேண்டும். முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும், மாதத்தின் நடுவில் முதியவர் இறந்தாலோ மருத்துவமனையில் இருந்தாலோ கட்டணம் என்னாகும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மொழி புரியவில்லை என்றால் படித்துச் சொல்ல ஒருவரை அழைத்துப் போகலாம். கையெழுத்திட்டபின் ஒரு நகலைக் கேட்டு வாங்க வேண்டும்.

வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் இல்லத்தில் ஒப்படைக்கக் கூடாது. சமூக நலத்துறை உதவித்தொகையோ சொக்சோ பணமோ வருகிறது என்றால், அதை யார் எடுக்கிறார், எதற்குச் செலவாகிறது என்று குடும்பத்தில் ஒருவருக்குக் கணக்கு தெரிய வேண்டும்.

சேர்த்த பின்

நல்ல இல்லத்தில் சேர்த்தாலும் குடும்பத்தின் வேலை முடிவதில்லை. அடிக்கடி உறவினர் வந்துபோகும் முதியவரை இல்லமும் கூடுதலாகக் கவனிக்கும் என்பது அனுபவத்தில் பலர் அறிந்தது. ஒரே நேரத்தில் போகாமல் மாற்றி மாற்றிப் போக வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு வாரம் என்று பிரித்துக்கொண்டு, பார்த்ததை ஒரு நோட்டுப் புத்தகத்திலோ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ தேதி போட்டு எழுதினால் சின்ன மாற்றமும் கண்ணில் படும். முதல் சில வாரங்களில் “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ” என்று அழுவது பெரும்பாலும் புது இடத்தின் வருத்தம். ஆனால் குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் ஒடுங்குவது, விளக்கம் சொல்ல முடியாத காயம், இரு கைகளிலும் ஒரே மாதிரியான கன்றிய தடம், திடீரென எடை குறைவது, உறவினரைத் தனியாகப் பேச விடாதது ஆகியவை எச்சரிக்கை மணிகள்.

குறை கண்டால்

பலர் வாய் திறப்பதில்லை. காரணம் இரண்டு. புகார் செய்தால் அம்மாவை மேலும் மோசமாக நடத்துவார்களோ என்ற பயம் ஒன்று. “அப்படியென்றால் கூட்டிக்கொண்டு போங்கள்” என்று சொல்லிவிட்டால் எங்கே வைப்பது என்ற பயம் இன்னொன்று. இரண்டும் நியாயமான பயங்கள். அதனால்தான் படிப்படியாகப் போவது நல்லது.

சிறு குறை என்றால் பொறுப்பாளரிடம் அமைதியாகப் பேசி, பேசியதை வாட்ஸ்அப்பில் ஒருமுறை எழுதி அனுப்பிவிட வேண்டும். அது பதிவாக இருக்கும். காயமோ புண்ணோ இருந்தால் தேதியோடு படம் எடுக்க வேண்டும். மற்ற முதியவர்கள் படத்தில் விழக் கூடாது. அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டினால் மருத்துவக் குறிப்பு கிடைக்கும். பிற்பாடு எந்த விசாரணைக்கும் அதுவே முதல் சான்று.

506-வது சட்டத்தின் கீழ் பதிவான இல்லம் என்றால் மாவட்டச் சமூக நல அலுவலகத்திலும், 586-வது சட்டத்தின் கீழ் லைசென்ஸ் பெற்றது என்றால் மாநிலச் சுகாதாரத் துறையிலும் எழுத்துபூர்வமாகப் புகார் செய்யலாம். பதிவில்லாத இடம் பற்றியும் சமூக நலத்துறையிடமே சொல்லலாம். 15999 என்ற தாலியான் காசே எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அடித்தல், பாலியல் தொல்லை, பணத் திருட்டு என்றால் போலீஸ் புகாரைத் தள்ளிப்போடக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் முதலில் 999, மற்றவை பிறகு.

கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு

சமூக நலத்துறை நடத்தும் ருமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் தைப்பிங், பீடோங், செரெம்பான், மலாக்கா சேங் உட்பட நாட்டின் பல இடங்களில் இருக்கின்றன. 60 வயதைத் தாண்டியவர், கவனிக்க வாரிசு இல்லாதவர், நிரந்தர வீடில்லாதவர், தொற்றுநோய் இல்லாதவர், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடியவர் ஆகியோருக்கானவை அவை. தீராத நோயால் படுக்கையில் இருக்கும் ஆதரவற்றோருக்குக் கோல குபு பாருவிலும் டுங்குனிலும் ருமா எஹ்சான் இருக்கிறது. பிள்ளைகள் இருந்தும் வசதியில்லாத குடும்பங்களுக்கு இந்த வழி எளிதில் திறக்காது.

அவர்களுக்கு வீட்டிலேயே கிடைக்கும் உதவிகள் முக்கியம். ஏழ்மை நிலையில் உள்ள மூத்த குடிமக்களுக்கான மாதாந்திர உதவித்தொகை 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 500 ரிங்கிட்டிலிருந்து 600 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். படுக்கையில் உள்ள நோயாளியின் வீட்டுக்கே வந்து கவனிக்கும் இல்லப் பராமரிப்புச் சேவையை அரசாங்க சுகாதார கிளினிக்குகள் சில வழங்குகின்றன. மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போதே வார்டில் கேட்டால் அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். குழாயில் பால் கொடுப்பதையும் புண் கட்டுவதையும் குடும்பத்தாருக்குக் கற்றுத்தரும்படி தாதியரிடம் கேட்கலாம். மருத்துவமனையின் சமூக நல அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கலாம். இந்த அதிகாரியைச் சந்திக்காமலே வீடு திரும்பும் குடும்பங்கள் நிறைய. நடமாட முடிந்தவர்களுக்குப் பகல் நேரத்தில் பாவே எனப்படும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் உண்டு. மறதிநோய் உள்ளவர்களின் குடும்பத்தாருக்கு மலேசிய அல்சைமர்ஸ் நோய் அறவாரியம் வழிகாட்டுகிறது.

பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் நிலைமையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். வெளியாட்கள் அதைக் குறை சொல்வதற்கில்லை. சேர்ப்பது என்று முடிவானால், நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோகலாம்: சான்றிதழ் எங்கே, இரவில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறீர்கள், எந்த நேரமும் வந்து பார்க்கலாமா. கடைசிக் கேள்விக்கு “முடியாது” என்ற பதில் வந்தால், வேறு இடம் தேடுவதே நல்லது.